லிதியம் பாலிமர் பாட்டரி

வானொலி அலைகளால் தூரத்தினின்று இயக்கப்படும் மாதிரி விமானங்களில் நம் மாணவருட் பலர் பெருவிருப்புடையராயிருத்தல் யாவரும் அறிந்ததே. இறக்கை செய்வதில் இரவு பகல் பாராது உழைக்கும் இவர்கள், அவ்விறக்கைக்கு உயிரளிக்கும் பாட்டரியைப் பற்றி ஒரு நாழிகையேனும் சிந்திப்பதில்லை. அதனாற் பொருள் நஷ்டம் நேர்வதோடு, விடுதி அறைகளில் தீ விபத்துக்கும் இடமுண்டாகின்றது. ஆதலின் இதனைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிகளைக் கையாண்ட மூத்தோர், "முற்றும் தீர்ந்த பின்னரே மின்சாரம் ஏற்றுக" என்று இன்றும் கூறுவர். அவற்றிற்கு அது தக்கதே. லிதியம் பாலிமருக்கோ அது நஞ்சு. இதன் கலம் ஒவ்வொன்றும் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் உடையது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின் கெடத் தொடங்கும். அதனினும் மிகக் கீழே இறங்கியவிடத்து உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, மீண்டும் ஏற்றும்போது வேண்டாத இடத்திற் படிகின்றது. நிறைவிலேயே நெடுநாள் இருத்தலும் தீங்கே. உள்ளிருக்கும் திரவம் அந்நிலையில் மெல்லச் சிதைந்து வாயுவாகின்றது. வெப்பம் அதனை விரைவுபடுத்துகின்றது.

இவ்வுண்மையை யாம் நஷ்டப்பட்டே கற்றோம். ஒரு சனிக்கிழமை பறக்கவிடக் கருதி, முந்திய மாலை இரு பாட்டரிகளை நிரப்பினோம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அவற்றை அலமாரியில் வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குச் சென்றோம். திரும்பி வந்து பார்க்க, இரண்டும் பூரி போல் உப்பியிருந்தன. ஒரு முறையேனும் பறவாமலே அவை மாண்டன! இரண்டு மூன்று நாட்களுள் பறக்கவிட வாய்ப்பில்லையெனின், கலமொன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் நிற்குமாறு குறைத்து வைத்தல் வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென ஒரு முறை அமைந்துள்ளது. அதனைத் தொடுவோர் மிகச் சிலரே.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. உதாரணமாக, மேலுறையில் '3 எஸ், 2200, 25 சி' என்றிருப்பதாகக் கொள்வோம். மூன்று கலங்கள் தொடராக இணைந்து 11.1 வோல்ட் தரும், கொள்ளளவு 2200 மில்லி ஆம்பியர் மணி, 2.2-ஐ 25-ஆற் பெருக்க, 55 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பது பொருள். இவ்விறுதி எண் பெரும்பாலும் விற்போரின் தற்பெருமையே என்பது எமது கருத்து. மோட்டார் 30 ஆம்பியர் கேட்குமாயின், ஏறக்குறைய இருமடங்கு எழுதப்பட்டதை வாங்குக. இறங்கியவுடன் பாட்டரியைக் கையிற் பிடித்துப் பார்த்தலே உண்மையான பரீட்சை. பிடிக்க இயலாவண்ணம் சுடுமாயின் அது அம்மோட்டாருக்குப் போதாது. அதற்காக மிகப் பெரியதை வாங்கலும் அறிவுடைமையன்று. பாரம் மிகுந்தால் விமானம் எழும்பத் தடுமாறும்.

கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கையே செலவிடுக. சராசரி 15 ஆம்பியர் செல்லுமாயின் மேற்கண்ட பாட்டரிக்கு ஏழு நிமிஷமே கணக்கு. "இன்னும் ஒரு சுற்று" என்னும் ஆசையே பல பாட்டரிகளுக்கு யமனாயிற்று.

ஏற்றும்போது கலங்களைச் சமப்படுத்தும் சிறு கம்பித் தொகுதியையும் இணைத்தல் இன்றியமையாதது. ஏனெனில், இரு கலங்கள் 4.0 வோல்ட்டும் ஒன்று 3.1 வோல்ட்டும் இருப்பினும் கூட்டுத்தொகை 11.1 என்றே காட்டும். நோயுற்ற கலம் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். அதனை அறியாது மொத்தத்தை 12.6 வரை ஏற்றின், மற்றிரண்டும் 4.2-ஐக் கடந்து தீப்பற்றவுங் கூடும். 2200 அளவினதற்கு 2.2 ஆம்பியர் மின்னோட்டம் போதும். சிமெண்டுத் தரையில், அருகே மணல் வாளியுடன், ஒருவர் விழித்திருக்கும் வேளையில் ஏற்றுக. கட்டிலின்மேல் வைத்து ஏற்றிவிட்டு உறங்குதல் நம் விடுதிகளில் வழக்கமாயிருப்பது எமக்குப் பெரிதும் அச்சந் தருகின்றது. அவ்வறையில் உறங்குவோர் ஒருவரல்லரே!

விழுந்து நசுங்கியதை உடனே பைக்குள் இடாது, வெட்டவெளியில் சற்று நேரம் வைத்துக் கவனிக்க. சில, நேரங்கழித்தும் எரிவதுண்டு. உப்பியதை ஊசியாற் குத்தி வாயுவை வெளியேற்ற முயல்வோரும் உளர், அது பேதைமை. அதனை மீண்டும் ஏற்றாது, திறந்த வெளியில் சிறு விளக்கொன்றை இணைத்து மின்சாரத்தை மெல்ல வடித்து, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்க. குப்பைத் தொட்டியில் இட்டால், வண்டியில் நசுங்கி அதனைத் தள்ளிச் செல்லும் தொழிலாளியின் கையருகே தீப்பற்றும்.