கைபேசித் திரையும் தேடுபொறியின் தீர்ப்பும்

மார்கழி மாதத்துச் சாயங்காலங்களில், மயிலாப்பூரில் ஒரு கச்சேரி முடிந்ததும் தியாகராய நகரில் இன்னொன்றைக் கேட்க விரைகிற ரசிகர்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: வாணி மகாலில் இன்று யார் பாடுகிறார், டிக்கெட் கிடைக்குமா, கேண்டீன் திறந்திருக்குமா என்ற வினாக்களுக்கெல்லாம் அவர்கள் விடை தேடுவது, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, கையிலுள்ள கைபேசியில்தான். மாட வீதிகளில் பூஜைச் சாமான் வாங்க வருகிறவர்களும், பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளை நாடி வெளியூரிலிருந்து வருகிறவர்களும், அடையாற்றில் நல்ல வைத்தியர் யார் என்று விசாரிக்கிறவர்களும் செய்வது இதையேதான்.

ஜனங்களின் இந்தப் பழக்கத்தை அனுசரித்தே தேடுபொறியும் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. 2015 ஏப்ரல் 21 அன்று, கைபேசியில் தேடுகிறவர்களுக்குக் காட்டும் பட்டியலில், சிறு திரையில் சிரமமின்றிப் படிக்கத்தக்க பக்கங்களுக்கு முன்னுரிமை அளிக்கத் தொடங்கியது கூகுள். 2016 செப்டம்பரில் ஜியோ கைபேசிச் சேவை வந்து இணையக் கட்டணம் சரிந்தபோது, கணினியைத் தொட்டே அறியாத லட்சக்கணக்கானோர் கைபேசியின் வழியாகவே இணையத்தில் பிரவேசித்தார்கள்.

இதற்குப் பின் வந்த மாறுதல்தான் பெரியது; அதைப் பலரும் இன்னும் சரிவர உணரவில்லை என்பது என் அபிப்பிராயம். முன்பெல்லாம் தேடுபொறி, ஓர் இணையதளம் கணினித் திரையில் எப்படித் தோன்றுமோ அப்படியே அதைப் படித்துத் தன் அட்டவணையில் பதிந்து வைக்கும். 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் ஆரம்பமாகி, 2023 அக்டோபரில் பூர்த்தியான புதிய முறையிலோ, கைபேசியில் பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதையே படித்து, அதைக் கொண்டே அந்தத் தளத்தின் தகுதியை நிர்ணயிக்கிறது. ஆகவே, ஒரு புடவைக் கடைக்காரர் தம் தளத்தின் கணினிப் பதிப்பில் காஞ்சிபுரப் பட்டின் வகைகளையும் விலைகளையும் விஸ்தாரமாக எழுதிவைத்து, கைபேசிப் பதிப்பில் இடம் போதாது என்று கருதி அவற்றைச் சுருக்கிவிட்டால், சுருக்கப்பட்டதே அவருடைய கடை என்று தேடுபொறி கொள்ளும். கைபேசியில் தேடுகிறவருக்கு மட்டுமல்ல, அலுவலகக் கணினியில் தேடுகிறவருக்கும் விடுபட்ட அந்த விவரங்கள் இல்லாதவையே. கைபேசியில் அறவே திறக்காத தளங்களை 2024 ஜூலை 5-க்குப் பிறகு அட்டவணையில் சேர்ப்பதில்லை என்றும் கூகுள் அறிவித்திருக்கிறது.

பரிகாரம் கடினமானதன்று. கணினிக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று இரண்டு தளங்களை நடத்துவதைவிட, எந்தத் திரைக்கும் தானே இசைந்துகொள்ளும் ஒரே தளத்தை அமைப்பது உத்தமம். கால அவகாசத்துக்கு ஏற்ப வித்வான் ஒரு கீர்த்தனையை விரித்தும் சுருக்கியும் பாடினாலும், சாகித்தியத்தில் ஒரு சொல்லும் விடுபடாதது போன்றது அது. எழுத்து பெரிதாக்காமலே படிக்கும்படி இருக்க வேண்டும்; பொத்தான்கள் விரல் தவறாமல் தொடுவதற்கேற்ற இடைவெளியோடு அமைய வேண்டும். படிக்க வருகிறவரின் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு எழும்பும் விளம்பரங்கள் கைபேசித் தேடலில் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்பது 2017 முதலே உள்ள விதி. வேகமும் 2018 ஜூலை முதல் கைபேசித் தேடலில் கணக்கிடப்படுகிறது; பக்கத்தின் பிரதான பகுதி இரண்டரை விநாடிக்குள் தோன்றிவிடுவதே நல்லது என்கிறது கூகுள். கச்சேரி நிகழ்ச்சி நிரலையோ விலைப் பட்டியலையோ ஒரே படமாக எடுத்து ஏற்றிவிடும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்; படத்துக்குள் உறைந்த எழுத்தைக் கைபேசியில் வாசிப்பதும் கஷ்டம், அதில் உள்ள பெயர்களைத் தேடுபொறி நம்பகமாகப் படித்தறியும் என்பதற்கும் நிச்சயமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டதால், தளத்தின் தோற்றம் ஒன்றே முதலிடத்தைப் பெற்றுத்தந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கேட்கப்பட்ட வினாவுக்கு உரிய விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே இன்றும் பிரதானமான அளவுகோல். பயனுள்ள விஷயம் நிறைந்த பழைய பக்கம், எழுத்துச் சிறுத்திருந்தாலும், பட்டியலில் உயர்ந்த இடத்தில் நிற்கக்கூடும் என்பதைக் கூகுள் 2015-லேயே தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் சமமான விஷயமுள்ள இரு கடைகளில், வாடிக்கையாளரை அலைக்கழிக்காத கடைக்கே முன்னிடம் கிடைப்பதில் அநியாயம் ஏதும் இல்லை.

கடை முதலாளிகளுக்கும் சங்கீத சபைக் காரியதரிசிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தளம் அமைத்துக் கொடுப்பவர் அதைப் பெரிய கணினித் திரையில் காட்டும்போது திருப்தியடைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்; ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, விலை குறைந்த கைபேசி ஒன்றில் அதைத் திறந்து, உங்கள் கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தேடிக் கண்டுபிடித்துப் பாருங்கள். தேடுபொறி உங்கள் பக்கத்தை எவ்வாறு படிக்கிறது என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற சாதனத்தில் நீங்களே பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.