அயர்லாந்துப் பஞ்சமும் உருளைக்கிழங்கின் கருகல் நோயும்

ஒரே பயிரை, அதிலும் ஒரே ரகத்தை நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதற்கு அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டு தொடங்கிய பஞ்சமே சாட்சி.

அந்நாட்டு ஏழைக் குடியானவர்கள் துண்டு நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிரிட்டனர். விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணத்துக்கே சரியாயிற்று. வயிற்றுக்கு உருளைக்கிழங்கு ஒன்றுதான். மட்டமான மண்ணிலும் நிறைய விளைச்சல் தந்த 'லம்பர்' ரகத்தையே பெரும்பாலோர் நட்டனர். கிழங்கையே விதையாக நடுவதால் ஒரு ரகத்தின் செடிகள் யாவும் ஒரே குணமுடையவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும்.

1845 செப்டம்பரில் கருகல் நோய் தென்பட்டது. அவ்வாண்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழிந்தது. 1846-இல் பெரும்பகுதி போயிற்று. பசி தாங்காமல் விதைக்கிழங்கையும் தின்றுவிட்டனர். ஆகவே 1847-இல் நோய் தணிந்திருந்தும் நடுவதற்குக் கிழங்கு இல்லை. 1848-இல் நோய் மீண்டும் வந்தது.

1847 கோடையில் அரசின் கஞ்சித் தொட்டிகளில் நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் உண்டனர். சில மாதங்களில் அவை மூடப்பட்டன. நாட்டிலிருந்து ஓட்ஸ் தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. அவற்றை வாங்க ஏழைகளிடம் காசில்லை. குத்தகை பாக்கிக்காகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பசியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 லட்சம் பேர் கப்பலேறினர்.

நோய்க்குக் காரணம் பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிர் என்பது 1861-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரியின் ஆய்வால் உறுதிப்பட்டது. போர்டோ கலவை வெளிவந்தது 1885-இல்தான்.

நீலகிரி விவசாயிகள் அறிந்த பின்பருவ இலைக்கருகல் நோயும் இதுவே. குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகப் பரவும். இலை ஓரத்தில் நீர் கோத்த புள்ளிகள் தோன்றிக் கருகும். ஈரமான காலை வேளையில் இலையின் அடியில் வெண்பூசணம் தெரியும்.

நோயற்ற விதைக்கிழங்கையே நடவேண்டும். அழுகிய கிழங்கை வயலோரம் குவிக்காமல் ஆழப் புதைக்கவேண்டும். கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைக்கவேண்டும். மருந்தை நோய் முற்றுமுன் இலையின் இருபுறமும் படும்படி தெளிக்கவேண்டும். ஒரே ரகத்தை நம்பாமல் எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களைக் கலந்து பயிரிடுவது நல்லது. அந்தச் சக்தியும் நாளடைவில் குறையக்கூடும். நிலம் முழுவதிலும் உருளையே போடாமல் ஒரு பகுதியில் வேறு பயிரும் இருக்கட்டும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும்.