பள்ளிக்கு மின்திரை: மாதிரி பார்த்து வாங்குவோம்



ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, மேசை நாற்காலி என்று எது தேவைப்பட்டாலும் முதலில் நம் கடைக்குத்தான் ஆள் வருவார்கள். நாமும் இல்லையென்று சொல்லாமல் கொடுத்தே வந்திருக்கிறோம். இப்போது கேட்கும் பொருள் மாறியிருக்கிறது. தொடுதிரைப் பலகை, கைக்கணினி, கணினி வழிப் பாடம் என்று உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வேண்டுகோள் வருகிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியபோது இத்தகைய நன்கொடைகளுக்கு முறையான வழியும் ஏற்பட்டது.

கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு மூட்டை துவரம் பருப்பு என்றாலும் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் நாம் விலை பேசுகிறோம். அப்படியிருக்க, லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியை விளம்பரப் படத்தை மட்டும் பார்த்து வாங்கிக் கொடுக்கலாமா? உலகில் பெரிய பெரிய நிர்வாகங்களே இதில் சறுக்கியிருக்கின்றன.

லாஸ் ஏஞ்சல்ஸ் கொள்முதல்

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி நிர்வாகம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் உள்ளது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் கைக்கணினி கொடுப்பது என்று அந்த நிர்வாகம் 2013-ல் முடிவெடுத்தது. இணைய வசதியையும் சேர்த்துத் திட்டச் செலவு சுமார் 130 கோடி டாலர். பாடங்களைத் தயாரிக்கும் பொறுப்பு ஒரு பதிப்பக நிறுவனத்துக்குப் போனது. பாடமும் சேர்ந்து ஒரு கருவியின் விலை 768 டாலர். ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் அந்தப் பாடங்கள் முழுமையாகத் தயாராகவில்லை. அரைகுறைச் சரக்குக்கு முழு விலை பேசினார்கள் என்பதே நம் கடைக் கணக்கில் இதற்குப் பொருள்.

கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 300 மாணவர்கள் அதிலிருந்த கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, விளையாட்டுக்கும் பாட்டுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தேர்வு எழுதத் தனியாகத் தட்டச்சுப் பலகை வேண்டும் என்பதும், அந்தச் செலவு கணக்கில் சேரவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தன. 2014-ல் மதிப்பீட்டாளர்கள் 245 வகுப்பறைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கிய அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு வகுப்பில்தான்!

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2015-ல் சமரசம் பேசி நிர்வாகம் திரும்பப் பெற்ற தொகை சுமார் 64 லட்சம் டாலர்.

கருவியில் பழுது இல்லை. ஆசிரியரைக் கலக்காமல், பாடம் முழுமையாகத் தயாராகாமல், சிறிய அளவில் நடத்திப் பார்க்காமல் மொத்தமாகக் கொள்முதலில் இறங்கியதே பழுது.

தில்லியில் கிடைத்த பலன்

இதைப் படித்துவிட்டுக் கணினியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2015-ல் தில்லியில் நடந்த சோதனை மறுபக்கத்தைக் காட்டுகிறது. கார்த்திக் முரளிதரன் முதலிய மூன்று பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அரசுப் பள்ளிகளில் படிக்கும் 619 மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் 6 முதல் 9 வகுப்பு வரை படிப்பவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்குப் பள்ளி விட்டபின் கணினிப் பயிற்சி மையத்தில் இலவச இடம் கிடைத்தது. மறு பாதிப் பேர் வழக்கம்போலவே படித்தார்கள். மையத்தில் தினமும் 90 நிமிடம். அதில் பாதி நேரம் கணினி. மீதிப் பாதி நேரம் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து ஓர் ஆள் சொல்லிக் கொடுத்தார்.

அங்கே வெளிப்பட்ட உண்மை ஒன்று நம் கவனத்துக்கு உரியது. 6-ஆம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். 9-ஆம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டியவர். அவர் 9-ஆம் வகுப்புக் கணக்கைப் போடுகிறார். மாணவருக்கோ வகுத்தலே தடுமாறுகிறது. மையத்துக் கணினி என்ன செய்தது? முதலில் ஒரு சோதனை வைத்து மாணவர் நிற்கும் படியைக் கண்டுபிடித்தது. அந்தப் படியிலிருந்தே கேள்வி கொடுத்தது. எந்த இடத்தில் தவறுகிறாரோ அந்த இடத்தை விளக்கியது.

நாலரை மாதத்தில், மையத்துக்கு வந்தவர்களின் கணித முன்னேற்றம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. இந்தி மொழிப் பாடத்திலும் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. இந்தப் பலனில் கணினிக்கு எவ்வளவு, உடனிருந்து சொல்லிக் கொடுத்தவருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்த கூட்டு வியாபாரம் அது.

பணம் கொடுக்குமுன் கேட்போம்

இரண்டு ஊர்க் கதையும் ஒன்றைத்தான் சொல்கின்றன. எந்தக் குறைக்கு எந்தக் கருவி என்று தெரிந்து, சிறிய அளவில் நடத்திப் பார்த்து, பலனை அளந்தபின் பெருக்கினால் பணம் வீண்போகாது. ஆகவே, பள்ளியிலிருந்து வேண்டுகோள் வரும்போது கீழ்க்கண்டவற்றை மரியாதையாகக் கேட்பது நம் கடமை.

1. எந்த வகுப்பு, எந்தப் பாடம், என்ன குறை? "எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, நம் பள்ளியிலும் வேண்டும்" என்பது பதிலாகாது.

2. வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரைக் கேட்டார்களா? அவருக்குப் பயிற்சி தருவது யார்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணினியில் பில் போடப் புதிதாகத் தொடங்கிய கடைகளை நினைத்துப் பாருங்கள். கணக்கர் பழகிய பிறகுதானே கணினி நமக்கு உதவியது!

3. உள்ளே இருக்கும் பாடம் தமிழில், நம் பாடநூலை ஒட்டி இருக்கிறதா? தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். குறியீடு அச்சாகி, காணொளிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசமாக உள்ளதற்கு மறுபடி விலை கொடுக்க வேண்டியதில்லை.

4. வாங்கிய பிறகு வரும் செலவு எவ்வளவு? மின்சாரம், இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு, பாடத்துக்கு ஆண்டுச் சந்தா ஆகியவற்றை யார் கட்டுவது? உத்தரவாதம் எத்தனை ஆண்டு?

5. ஒரு வகுப்பில், ஒரு பருவம் மட்டும் நடத்திப் பார்ப்பார்களா? தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. கருவி இல்லாத வகுப்புக்கும் அதே தேர்வு. இரண்டையும் ஒப்பிட்டால் லாப நட்டம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்பதால் நாம் கருமிகள் ஆகிவிட மாட்டோம். நம் கடைகளில் சாமான் தூக்குபவரின் பிள்ளையும், பொட்டலம் கட்டுபவரின் பிள்ளையும், நம் சொந்தப் பிள்ளைகளும் படிக்கும் வகுப்பு அது. ஆயிரம் ரூபாய்ச் சரக்கு கெட்டால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். ஒரு பிள்ளையின் 9-ஆம் வகுப்பு வீணானால் அதை எந்த மாதத்தில் ஈடுகட்டுவது?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருக்கிறார்கள். இந்த ஐந்து கேள்விகளையும் அடுத்த கூட்டத்தில் அவர்கள் எடுத்து வைக்க வேண்டும். திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுப்போம். கொடுத்ததோடு நில்லாமல், ஓர் ஆண்டு கழித்துப் போய்ப் பலனையும் பார்த்து வருவோம்.