மாதாமாதம் வயிற்றுவலியில் சுருளும் பெண்கள்: கத்தி வைக்காமல் அடக்க முடியுமா?

"அண்ணே, அந்த வலி மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

பாரிமுனை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். கேட்டவர் பக்கத்து ஆபீசில் கிளார்க். வயது 29. முகம் வெளுத்து, ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றார்.

"மாசம் தவறாம வந்துடும் சார் இந்தம்மா. ரெண்டு நாள் லீவும் போட்டுடும்" என்றார் கடைக்காரர்.

பெயர் போடமாட்டோம் என்றதும் அந்தப் பெண் பேசினார்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்னு அம்மா சொன்னாங்க. நடிக்கறேன்னு மாமியார் சொன்னாங்க. 8 வருஷம் கழிச்சுத்தான் ஒரு டாக்டர் நோயோட பேரே சொன்னார். ஆபரேஷன் பண்ணணுமோன்னு பயந்து திரும்பப் போகலை."

பெயர்தான் வாயில் நுழையாது: எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற சதை, சினைப்பை, குடல் பக்கமெல்லாம் ஒட்டி வளர்கிறது. விலக்கு நாளில் அங்கேயும் வீங்கி ரணமாகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிட்டத்தட்ட 19 கோடிப் பேர். அத்தனை பேருமா நடிக்கிறார்கள்?

ஓட வேண்டாம்

வயிற்றில் துளை போட்டுப் பார்த்துத்தான் வைத்தியம் என்பது பழைய கதை. அறிகுறியை வைத்தே மாத்திரை தொடங்கலாம் என்று ஐரோப்பிய கருவள டாக்டர்கள் சங்கம் 2022-ல் சொல்லிவிட்டது.

வலி மாத்திரையை உச்சத்தில் விழுங்கிப் பலன் குறைவு. வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போடவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குடற்புண் தனியாக வரலாம். வெந்நீர் பை ஒத்தடமும் கேட்கும்.

அதற்கு மேல் ஹார்மோன் மாத்திரை. டயனோஜெஸ்ட் என்றால் தினம் 2 மில்லி கிராம். கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. வலி குறையும், நோய் வேரோடு போகாது. நிறுத்தினால் திரும்பலாம். இடையில் ரத்தக்கசிவு, மனச்சோர்வும் சிலருக்கு வரும்.

பெரிய கட்டி, குடல் அடைப்பு, சிறுநீர்க் குழாய் அடைப்பு என்றால் மட்டும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தையா, வலியா?

இந்தப் பெண்ணுக்குச் சிக்கல் வேறு. கல்யாணமாகி 3 வருடம், குழந்தை வேண்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்வரை கரு தங்குவது கடினம். டாக்டரிடம் இதை முதலிலேயே சொன்னால்தான் வைத்தியத்தை மாற்றுவார்.

"அவரையும் கூட்டிக்கிட்டு திங்கட்கிழமை போறேன்" என்றார்.

கடைக்காரர் அட்டையை நீட்டினார். "அடுத்த வாட்டி சீட்டோட வாம்மா."