பத்தரை மணி நேரக் காவல்

சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் நண்பர்கள், "ரிட்டயர் ஆகிவிட்டீர்களே, பொழுது எப்படிப் போகிறது?" என்று விசாரிப்பதுண்டு. "விமானம் ஓட்டுகிறேன்" என்று சொல்வேன். சிரிப்பார்கள். ரயில்வேயில் பாதைப் பிரிவு என்ஜினீயராகத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தே காலம் கழித்தவன் நான். இப்போது பாறசாலையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாவனை விமானம் ஓட்டுகிறேன். நம் பிள்ளைகள் பலரும் நெடுந்தூர விமானங்களில் போய் வருகிறவர்கள் ஆகிவிட்டார்கள். ஆகவே, இதில் நான் கற்றுக்கொண்டதை நம் அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஃப்ளைட் சிமுலேட்டர்' 1982-இல் முதன்முதலாக வந்தது. 2020-இல் வந்த பதிப்பு உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டுகிறது. காற்றும் மழையும்கூட அந்தந்த நேரத்து நிலவரப்படி வரும். என் மகள் குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறாள். ஆகவே திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தூரம் சுமார் 8,400 கிலோமீட்டர். எதிர்க்காற்றையும் சேர்த்தால் பத்தரை மணி நேரம் ஆகும்.

ஒரு வேடிக்கை. திருவனந்தபுரம் ஓடுபாதையின் ஒரு முனைக்கு எண் 32. அதாவது அங்கிருந்து ஓடினால் வடமேற்கே, ஏறக்குறைய 320 டிகிரி திசையில் கிளம்புவோம். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் லண்டனுக்கான குறுக்குவழியும் அங்கே 321 டிகிரியில்தான் தொடங்குகிறது!

முதல் முறை நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இரவு விமானத்தை மேலே ஏற்றி, தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் விமானம் லண்டனைத் தாண்டி அட்லாண்டிக் கடல் மேல் போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தது. தானியங்கி பாதையைப் பிடித்துப் போகும். ஆனால் கீழே வர வேண்டிய உயரத்தை மனிதன் குறித்துக் கொடுத்தால்தான் இறங்கத் தொடங்கும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ரயில் என்ஜினில் டிரைவர் குறிப்பிட்ட நேரம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், மணி ஒலிக்கும். அப்போதும் பட்டனை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழுந்துவிடும். எங்கள் ஊர் வழியாகப் போகும் திப்ருகர் - கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதை ஒரே டிரைவரா ஓட்டுகிறார்? வழிநெடுக ஆள் மாறிக்கொண்டே வருவார்கள். நெடுந்தூர விமானங்களிலும் கூடுதல் விமானிகள் இருந்து முறைவைத்துத் தூங்குகிறார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் தனியாக உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் எங்கள் ரோந்துக்காரர்கள் இரவெல்லாம் பாதையில் நடப்பார்கள். ஒருவர் எல்லை முடியும் இடத்தில் அடுத்தவரைச் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். அதுபோல ஒரு நோட்டுப் போட்டேன். மணிக்கு ஒருமுறை நேரம், மீதி தூரம், மீதி எரிபொருள் ஆகிய மூன்றையும் திட்டத்தில் உள்ள கணக்குக்கு எதிரே எழுத வேண்டும். பயணத்துக்கான எரிபொருளோடு அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, கடைசியாக அரை மணி நேரம் வட்டமிட ஒரு பங்கு என்று கூடுதலாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆளாக வந்தது என் மனைவி. மகளும் பேரக்குழந்தையும் விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்பிய வாரம் அது. வீடு வெறிச்சென்று இருந்தது. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. "இந்த விளையாட்டுக்கு நான் வேற காவலா?" என்று முணுமுணுத்தாலும் நோட்டை வாங்கிக்கொண்டாள். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஒரு மணிக்கு முறை மாற்றிக்கொண்டு நான் படுத்தேன்.

மூன்று மணிக்கு எழுப்பினாள். "இங்க பாருங்க, எண்ணெய் ஒரு டன் குறையுது." எழுந்து பார்த்தேன். எதிர்க்காற்று பலம், அத்தோடு விமானம் இன்னும் 34,000 அடியிலேயே இருந்தது. எரிபொருள் செலவாகிப் பாரம் குறையக் குறைய, படிப்படியாக மேலே ஏற வேண்டும். மேலே ஏறினால் செலவு குறையும். மேற்கே போகிறவர்களுக்கு 34, 36, 38 ஆயிரம் என்று இரட்டைப்படை உயரம், கிழக்கே வருகிறவர்களுக்கு ஒற்றைப்படை. படுக்கப் போகும் அவசரத்தில் 36,000-க்கு ஏறும் நேரத்தை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். உடனே ஏற்றினேன். அவள் எழுப்பாமல் விட்டிருந்தால், கடைசிக்கென்று வைத்திருந்ததில் கைவைக்க வேண்டி வந்திருக்கும்.

இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைல் முன்னதாகவே இறங்கத் தொடங்க வேண்டும். 38,000 அடிக்கு 114 கடல் மைல், அதாவது சுமார் 211 கிலோமீட்டர். சரிவு ஏறக்குறைய 18-க்கு 1. ரயிலில் 100-க்கு 1 என்றாலே நாங்கள் கவனமாக இருப்போம்!

காலை ஏழரைக்கு விமானம் தரை தொட்டது. லண்டனில் அப்போது இரவு இரண்டு மணி. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுதும் விளக்குகள். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். "வேண்டாங்க, பிள்ளை தூங்கட்டும்" என்றாள் மனைவி. நோட்டில் கடைசி வரியை அவளே எழுதி முடித்தாள்.

முயன்று பார்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மின்சாரம் போனால் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்று அவசியம். அவசரப்பட்டு வேகத்தைப் பதினாறு மடங்கு கூட்டினால் தானியங்கி தடுமாறும். நடுவானில் நான்கு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக உட்காராதீர்கள். வீட்டில் ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள்.