காசநோய்: மூன்றாவது மாதம்தான் சோதனை

மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் அடங்கும். மாலைக் காய்ச்சல் விடும். கசந்த வாய்க்குச் சோறு ருசிக்கும். வேலைக்குக் கிளம்பும் தெம்பும் வந்துவிடும். அப்போதுதான் அந்தக் கேள்வி எழும்: "உடம்பு சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?"

நோயின் உச்சத்தில் யாருக்கும் மருந்தை நிறுத்தத் தோன்றாது. பயமே விழுங்க வைத்துவிடும். பயம் போன பிறகு மிச்சமிருக்கும் மாதங்களுக்குத்தான் மனஉறுதி வேண்டும்.

நலமான பிறகும் ஏன் மருந்து?

நுரையீரலில் உள்ள கிருமிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேகமாகப் பெருகுபவை முதல் சில வாரங்களில் மடிகின்றன. மெதுவாகப் பெருகுபவையும், உறங்குவதுபோல் அடங்கிக் கிடப்பவையும் எளிதில் சாவதில்லை. அவற்றுக்காகத்தான் 6 மாதம். சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள் தரப்படுகின்றன. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். திரும்பும் கிருமி பழைய மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் இருக்கலாம். அதற்கான சிகிச்சை இதைவிடக் கடினம்.

மனம் எங்கே தளர்கிறது?

எல்லாத் தளர்ச்சியும் சோம்பல் அல்ல. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துச் சிலர் ரத்தமோ என்று பயந்துவிடுவார்கள். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான், கேடில்லை. தினக்கூலிக்காரருக்கு மருந்து வாங்கப் போகும் நாள் கூலி போன நாள். இவற்றோடு, தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கிவைக்கும் வீட்டாரின் பார்வையும் சேர்ந்துகொள்ளும். காசநோய் பாத்திரத்தால் பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால்தான் பரவும். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் அந்த வாய்ப்பும் பொதுவாகச் சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும்.

சென்னை கற்றுத்தந்த பாடம்

ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம், நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துணவு என்றுதான் இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. ஓய்வும் உணவும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

ஆனால் அவர்கள் வீட்டில் தனித்து விடப்படவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று மையத்தினர் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பின்னாளில் 'டாட்ஸ்' என்று பெயர்பெற்ற, ஒருவர் பார்க்க மருந்து விழுங்கும் முறைக்கு இதே மையத்தின் ஆய்வுகளும் அடித்தளம். வைராக்கியத்தை நோயாளியிடம் மட்டும் எதிர்பார்க்காமல், அவரைச் சுற்றி ஒரு துணையை அமைத்ததுதான் அந்த மையத்தின் வெற்றி.

வீட்டில் செய்யக்கூடியவை

• மருந்துக்கு ஒரு காவலர் வேண்டும். மனைவி, மகன், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. "போட்டாச்சா?" என்று கேட்பதோடு நிற்காமல், விழுங்குவதைப் பார்க்க வேண்டும்.

• தினமும் தவறாத ஒரு வேலையோடு மாத்திரையை இணையுங்கள். நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

• நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். இருமல் நின்ற பிறகு முன்னேற்றத்தைக் காட்டுவது அந்த எண்தான்.

• முட்டை, பயறு, கடலை, பால் என இயன்ற புரதத்தைச் சேர்க்கவும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

• மது வேண்டாம். இந்த மருந்துகளோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் வைக்கவும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

விடாமுயற்சி என்பது எல்லாவற்றையும் பல்லைக் கடித்துத் தாங்குவதல்ல. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல், நிறம் பிரித்தறிய முடியாமை ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பாதத்தில் மதமதப்பு இருந்தாலும் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

மீண்டவர்கள்

தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவுக்கு 1988இல் சிறையில் காசநோய் வந்தபோது வயது 70. சிகிச்சை பெற்றுத் தேறியவர், 1990இல் விடுதலையாகி 1994இல் நாட்டின் அதிபரானார். தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சியைத் தொடங்கிய காலத்தில் தமக்குக் காசநோய் இருந்ததை நடிகர் அமிதாப் பச்சன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மருந்தை முடித்து முழுமையாகக் குணமானதையும் சொன்னார்.

நடுவில் ஒருநாள் மாத்திரை தவறிப்போகலாம். "அதான் விட்டுப்போச்சே" என்று அதோடு கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்தும் விழுங்க வேண்டாம். மருந்து தரும் இடத்தில் சொல்லிவிட்டு, அடுத்த நாளுக்கான கோட்டைப் போடுங்கள். கடைசிச் சளிப் பரிசோதனையும் முடிந்து, "போதும், நிறுத்தலாம்" என்று மருத்துவர் சொல்லும் நாள்தான் நீங்கள் குணமான நாள்.