மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பங்கு மகமை

மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்கு மகமை எடுத்து வைப்பது நம் வியாபாரத்தில் பழைய வழக்கம். அதில் ஒரு பங்கை மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களுக்கு ஒதுக்கலாம். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர்.

நம்மில் பலர் தீபாவளிக்கு அரிசி, பருப்பு என்று சரக்காகவே அனுப்புகிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் அனுப்பினால் என்ன ஆகும்? பருப்பில் வண்டு விழ எத்தனை நாள் என்பது நமக்குத் தெரியாததா! எது தேவை என்று கேட்டு, மாதாமாதம் கொஞ்சமாக அனுப்புவதே உபயோகம். ஜி.எஸ்.டி. கட்டி வாங்கிய சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அதற்கு எடுத்த வரி வரவைத் திருப்பிவிட வேண்டும். சரக்குக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது.

பணமென்றால் செக்காகக் கொடுப்பதே நல்லது. 80ஜி என்று நாம் பழகிய சலுகை, 2017 ஏப்ரல் முதல் ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. மற்றவர்கள் பான் எண்ணைக் கொடுத்து, ரசீதோடு நன்கொடைச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள்.

கல்லா அருகில் உண்டியல் வைப்போர், இல்லத்தின் கடிதம் பெற்று, அவர்கள் ஆள் முன்னிலையில் மட்டும் திறந்து எண்ணுங்கள்.